நாலரை மணிக்கு விழிக்கும் ஊர்

செவ்வாய்

மேடிசனிலிருந்து தெற்கே 69-ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்தால் சுமார் நாற்பது கிலோமீட்டரில் நியூ கிளாரஸ் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கிரீன் கவுண்டி என்ற மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டாயிரத்து இருநூறு பேருக்குக் கொஞ்சம் மேலே வசிக்கிறார்கள். மாநிலச் சட்டப்படியும் இது ‘வில்லேஜ்’தான். ஊருக்குத் தலைவரும் உறுப்பினர்களும் உண்டு, ஏப்ரலில் தேர்தல் நடக்கும்.

அமெரிக்காவின் மத்திய மேற்கு என்றால் மேசைப் பலகைபோலத் தட்டையான நிலம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தப் பக்கம் அப்படி இல்லை. பழைய பனிப்பாறைகள் வடக்கிலிருந்து இறங்கி வந்தபோது விஸ்கான்சினின் தென்மேற்கு மூலையை மட்டும் மிதிக்காமல் விட்டுவிட்டன. அதனால் இங்கே குன்றுகள், சரிவுகள், நடுவில் வளைந்து ஓடும் ஓடைகள். சரிவைச் சுற்றி வரிவரியாக மக்காச்சோளம், அடுத்த வரியில் குதிரைமசால், அதற்கடுத்து மறுபடி மக்காச்சோளம். மண் அரித்துப் போகாமல் இருக்க இப்படிப் பட்டை பட்டையாக விதைக்கிறார்கள். செப்டம்பர் நடுவில் சோளம் பழுக்கத் தொடங்கியிருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது சுவிட்சர்லாந்து. மரத்தில் செதுக்கிய மாடங்கள், சன்னல்தோறும் சிவப்பு ஜெரேனியம், கடைச் சுவர்களில் சுவிஸ் மாநிலங்களின் கேடயச் சின்னங்கள், தெருமுனையில் வண்ணம் தீட்டிய மாட்டுச் சிலைகள். தம்பியோடு வேலை செய்யும் ஒருவரின் பெற்றோர் ஊருக்கு வெளியே கறவைப் பண்ணை வைத்திருக்கிறார்கள். அங்கேதான் தங்குகிறேன். இரவு எட்டு மணிக்கே வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். “பால் கறக்கப் பார்க்க வேண்டுமென்றால் நாலரைக்கு எழுந்திருங்கள்” என்றார் பண்ணைக்காரர்.

புதன்

நாலரைக்கு எழுந்தபோது அவர் ஏற்கெனவே கொட்டகையில் இருந்தார்.

அறுபது கறவை மாடுகள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன். பத்துப் பன்னிரண்டு பிரவுன் ஸ்விஸ், சாம்பல் கலந்த பழுப்பு நிறம், பெரிய காதுகள். ஒவ்வொன்றும் தன் இடத்தில் கட்டப்பட்டு இரண்டு வரிசையாக நிற்கின்றன. தலைக்கு மேலே எஃகுக் குழாய் ஓடுகிறது. அவரும் அவரிடம் வேலை செய்யும் இளைஞரும் ஆளுக்கொரு வரிசை எடுத்துக்கொள்கிறார்கள்.

வேலை அமைதியாக, ஒரே தாளத்தில் நடக்கிறது. காம்புகளை மருந்தில் முக்குவது, நாலு பீய்ச்சு கையால் பீய்ச்சிப் பால் திரிந்திருக்கிறதா என்று பார்ப்பது, துண்டால் துடைப்பது, நாலு குவளைகள் கொண்ட கறவைக் கருவியை மாட்டுவது. ஐந்தாறு நிமிடத்தில் மடி வற்றும். கருவியைக் கழற்றி மறுபடி மருந்து. திரிதிரியாக வந்தால் மடிநோய். அந்த மாட்டின் பாலைத் தனி வாளியில் பிடிக்கிறார்கள். மருந்து கொடுத்த மாட்டின் பால் ஒரு வாளி தெரியாமல் கலந்துவிட்டால்கூட லாரி முழுக்க வீணாகிவிடும். ஒவ்வொரு லோடையும் ஆலையில் சோதித்துத்தான் இறக்குகிறார்கள். தப்பு யார் பண்ணையில் என்று தெரிந்தால் லாரிப் பால் முழுவதுக்கும் அவரே பொறுப்பு.

எங்கள் வீட்டிலும் மாடு இருந்தது. ஈரோட்டுப் பக்கம் எங்கள் தெருவில் ஆளுக்கு இரண்டு, மூன்று. காலையில் தூக்குப்போசியோடு சொசைட்டியில் வரிசையில் நிற்போம். இதைச் சொன்னபோது அவர் கருவியை மாட்டியபடியே நிறையக் கேட்டார். கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து விலை போடுவார்களா? யார் அளப்பார்கள்? தினமும் காசா, வாரம் ஒருமுறையா? கொழுப்பையும் மற்ற சத்தையும் பார்த்துத்தான் விலை என்றதும், “இங்கேயும் அதேதான், கொழுப்புக்கும் புரதத்துக்கும்” என்றார்.

ஒரு விஸ்கான்சின் மாடு ஆண்டுக்குச் சராசரியாகப் பதினோராயிரம் கிலோவுக்கு மேல் பால் தருகிறது. விலை பேசுவது நூறு பவுண்டுக்கு, அதாவது சுமார் நாற்பத்தைந்து கிலோவுக்கு. அந்த விலையைப் பண்ணைக்காரர் வைப்பதில்லை. சந்தையில் சீஸும் வெண்ணெயும் என்ன விலைக்குப் போகின்றன என்பதைப் பார்த்து அரசாங்கம் மாதாமாதம் கணக்குப் போட்டு அடிப்படை விலையை அறிவிக்கிறது. 2023 ஜூலையில் சீஸுக்குப் போகும் பாலின் விலை நூறு பவுண்டுக்குப் பதினாலு டாலருக்கும் கீழே இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு இருபதுக்கு மேலே இருந்தது. தீவனமும் டீசலும் அந்த வேகத்தில் இறங்குவதில்லை. போன மாதம் விற்ற பாலுக்கு என்ன கிடைக்கும் என்பது இந்த மாதம்தான் தெரியும். வேறு எந்தத் தொழிலில் இதைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

2004-இல் விஸ்கான்சினில் பதினைந்தாயிரத்துக்கு மேல் கறவைப் பண்ணைகள் இருந்தன. இப்போது ஆறாயிரத்துக்கும் குறைவு. மாடுகளின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை, பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அறுபது மாட்டுப் பண்ணைகள் மூடுகின்றன, ஆயிரம் மாட்டுப் பண்ணைகள் வளர்கின்றன.

ஏழு மணிக்குக் கறவை முடிந்தது. அதே நேரம் வீட்டம்மா காரைக் கிளப்பிப் பக்கத்து நகரமான மன்ரோவில் அலுவலக வேலைக்குப் போனார். காலையில் கன்றுகளுக்குப் பால் கொடுத்ததும் அவர்தான், இரவு பண்ணைக் கணக்கு எழுதுவதும் அவர்தான். பகல் வேலை எதற்கு? மருத்துவக் காப்பீட்டுக்கு. இந்த நாட்டில் பெரும்பாலோருக்குக் காப்பீடு வேலை தரும் நிறுவனத்தின் வழியாகத்தான் வருகிறது. சொந்தப் பண்ணைக்காரர் தானே வாங்கினால் கட்டுப்படியாவது கஷ்டம். அதனால் பண்ணை வீடுகளில் கணவன், மனைவி இருவரில் ஒருவர் வெளியே சம்பளத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது. “மாடு வீட்டுக்கடனைக் கட்டும், இவள் வேலை ஆஸ்பத்திரியைக் கட்டும்” என்றார் பண்ணைக்காரர். கறவைக் கருவி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்த அம்மாவின் அலுவலக வேலை.

பகலில் சைலேஜ். பச்சையாக இருக்கும்போதே மக்காச்சோளத்தைத் தண்டு, இலை, கதிர் எல்லாம் சேர்த்து வெட்டி நொறுக்கிக் குவித்து, காற்றுப் புகாமல் அழுத்தி மூடிவைக்கிறார்கள். நான்கைந்து மாதம் நிலம் உறைந்து கிடக்கும் ஊரில் மாட்டுக்கு அதுதான் சோறு. வெட்டும் நாட்கள் குறைவு. ஈரம் சரியாக இருக்க வேண்டும், மழை வரக் கூடாது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இருவர் தங்கள் டிராக்டரோடு வந்திருந்தார்கள். அடுத்த வாரம் இவர் அவர்களுக்குப் போவார். கூலிப் பேச்சே இல்லை.

மாலை நாலரைக்கு மறுபடி கறவை. ஞாயிறும் உண்டு, கிறிஸ்துமஸும் உண்டு.

அந்த இளைஞர் மெக்சிகோவின் வெராக்ரூஸ்காரர். விஸ்கான்சின் பண்ணைகளில் அந்த மாநிலத்து ஆட்கள் நிறையப் பேர். அவரைப் பற்றி இதற்கு மேல் அடையாளமாக எதுவும் எழுதப்போவதில்லை. பொதுவாக ஒன்றைச் சொல்ல வேண்டும். விவசாயக் கூலிகளுக்கு அமெரிக்கா தரும் விசா பருவ வேலைக்கு மட்டும். ஆப்பிள் பறிக்க வரலாம், புகையிலை அறுக்க வரலாம். பால் கறப்பது ஆண்டு முழுக்க நடப்பது, அதனால் அந்த விசாவில் இடமில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மாநிலத்தின் பால் பண்ணைகளில் சுமார் பத்தாயிரம் பேர் ஆவணங்கள் இல்லாமல் வேலை செய்கிறார்கள், பண்ணை வேலையில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு அவர்கள் கையால் நடக்கிறது. அவர்களுக்கு ஓட்டுநர் உரிமமும் கிடையாது. பஸ் வராத கிராமத்தில் கார் ஓட்டாமல் மளிகைக்கு எப்படிப் போவது? இவர்கள் ஒரு வாரம் வராவிட்டால் சீஸ் கிடையாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு தெரிந்தும் ஒரு சட்டம் மாறாமல் இருப்பது அநியாயம்.

வியாழன்

காலை முழுக்க ஊரின் வரலாற்றுக் காட்சியகத்தில். பழைய பள்ளி, கொல்லன் பட்டறை, அச்சகம், மரக்குடில் என்று சிறு சிறு கட்டடங்களாக ஒரு வளாகம். சுற்றிக் காட்டியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. சம்பளம் இல்லாமல் வருகிறார்.

1840-களில் சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில் உருளைக்கிழங்கு அழுகிப் போனது. கையால் நூற்று நெய்தவர்களின் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. ஊர் நிர்வாகமே ஒரு குடியேற்றச் சங்கம் அமைத்து, நிக்கோலஸ் டூர்ஸ்ட் என்ற நீதிபதியையும் ஃப்ரிடோலின் ஸ்ட்ரைஃப் என்ற கொல்லரையும் நிலம் பார்க்க அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர்கள் தேடித் தேடி இந்தப் பள்ளத்தாக்கில் 1,200 ஏக்கர் நிலமும் 80 ஏக்கர் காடும் வாங்கினார்கள். அவர்கள் வாங்கி முடிக்கும் முன்பே 1845 ஏப்ரலில் 193 பேர் கிளம்பிவிட்டார்கள். வழியில் நோயில் இறந்தவர்கள், பிரிந்து போனவர்கள் போக ஆகஸ்டில் வந்து சேர்ந்தவர்கள் 108. குடும்பத்துக்கு இருபது ஏக்கர் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டார்கள்.

முதலில் கோதுமை போட்டார்கள். சில பத்தாண்டுகளில் மண் களைத்தது, பூச்சியும் வந்தது. அப்போதுதான் மாட்டின் பக்கம் திரும்பினார்கள். 1868-இல் நிக்கோலஸ் கெர்பர் என்பவர் இங்கே நாற்றத்துக்குப் பேர்போன லிம்பர்கர் சீஸ் செய்யும் ஆலை தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கிரீன் கவுண்டியில் இருநூறுக்கு மேற்பட்ட சீஸ் ஆலைகள். 1910-இல் சுண்டிய பால் ஆலை ஒன்று நியூ கிளாரஸுக்கு வந்தது. பிறகு ‘பெட் மில்க்’ என்ற பெயரில் நடந்த அதுதான் அரை நூற்றாண்டு ஊருக்குச் சம்பளம் கொடுத்தது. 1962-இல் மூடிவிட்டார்கள்.

வேலை போனதும் ஊர் கூடி யோசித்தது. இருந்த சுவிஸ் அடையாளத்தைப் பெரிதாக்கி வருகிறவர்களை ஈர்ப்பது என்று முடிவானது. நேற்று முன்தினம் நான் பார்த்த மாடங்கள் பலவும் அதற்குப் பிறகு வந்தவை. இதைக் கேட்டதும் அந்த மாடங்கள்மீது எனக்கு மதிப்புக் கூடியது. ஆலை மூடிய எத்தனையோ மத்திய மேற்கு ஊர்களில் கடைத்தெரு இருண்டுவிட்டது. இங்கே ஆளுக்கு ஆள் தச்சு வேலை செய்து முகப்பை மாற்றினார்கள். பாரம்பரியமும் பிழைப்பும் இந்த ஊரில் ஒரே வேலையாகிவிட்டன. சுவிஸ் கதைகளின் வீரன் வில்லியம் டெல்லின் நாடகத்தை 1938 முதல் ஊர்க்காரர்களே திறந்தவெளியில் நடிக்கிறார்கள். மேடையேறும் ஆடும் மாடும்கூட உள்ளூர்ப் பண்ணையிலிருந்து வருவதுதான்.

மதியம் மன்ரோ, கவுண்டியின் தலைநகர். பழைய ரயில் நிலையத்தில் சீஸ் அருங்காட்சியகம். அங்கே சுற்றிக் காட்டியவர் முன்னாள் சீஸ்காரர், நாற்பது ஆண்டு செய்தவர், மணிக்கட்டு இன்னமும் தடித்திருக்கிறது. அன்றைக்கு ஏன் இருநூறு ஆலை? குதிரைவண்டியில் பால் கெடாமல் போகக்கூடிய தூரம் இரண்டு மூன்று மைல்தான். அதனால் ஒவ்வொரு முச்சந்தியிலும் ஓர் ஆலை. கட்டடம் சுற்றியுள்ள பண்ணைக்காரர்களின் கூட்டுச் சொத்து. சீஸ்காரர் குடும்பத்தோடு மாடியில் குடியிருப்பார், கீழே செப்புக் கொப்பரை. பத்துப் பவுண்டு பாலுக்கு ஒரு பவுண்டு சீஸ். மிஞ்சும் தெளிவுநீர் பால் கொண்டுவந்த அதே வண்டியில் திரும்பிப் போகும், பன்றிகளுக்கு. இந்த இடத்தில் வீணானது எதுவும் இல்லை.

சைவக்காரர்கள் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். பாலை உறைய வைக்கும் ரென்னட் முன்பு கன்றின் வயிற்றிலிருந்து எடுத்தது. இப்போது பெரும்பாலான சீஸுக்கு நுண்ணுயிர் வழியாகச் செய்ததையே சேர்க்கிறார்கள். சில பழைய வகைகளுக்கு இன்றும் கன்று ரென்னட்தான். உறையைப் பார்த்து வாங்குங்கள், புரியாவிட்டால் கடைக்காரரிடமே கேளுங்கள், தயங்காமல் சொல்கிறார்கள்.

சீஸ் செய்ய உரிமம் கேட்கும் ஒரே மாநிலம் விஸ்கான்சின். பத்து ஆண்டு உரிமத்தோடு செய்தவர்கள் மட்டும் மேலும் மூன்று ஆண்டு பயிற்சி பெற்று ‘மாஸ்டர் சீஸ்மேக்கர்’ ஆகலாம். அதுவும் குறிப்பிட்ட ஓரிரு வகைச் சீஸுக்கு மட்டும். வேறு வகைக்கு மறுபடி பயிற்சி. கைத்தொழிலுக்கு இப்படி ஒரு மரியாதை கொடுத்திருப்பதைப் பார்த்து மனம் நிறைந்தது. நம் ஊர் நெசவாளருக்கும் தச்சருக்கும் அரசாங்கம் இப்படிப் படிப்படியாக ஒரு பட்டம் வைத்தால் எத்தனை பிள்ளைகள் தொழிலில் தங்குவார்கள்!

1885-இல் ஐந்து பண்ணைக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சாலே கூட்டுறவு ஆலை மன்ரோவுக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்காவில் லிம்பர்கர் செய்யும் ஒரே இடம் என்று பல பத்தாண்டுகளாகப் பெயர். அந்தச் சீஸின் நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியா மனிதத் தோலில் வாழும் வகைக்கு நெருங்கிய உறவு. அதைக் கரைத்துச் சீஸின் மேல்புறம் முழுக்கத் தடவிப் பழுக்க வைக்கிறார்கள். நீதிமன்றச் சதுக்கத்தில் 1931 முதல் நடக்கும் பாம்கார்ட்னர் கடையில் சாப்பிட்டேன். கம்பு நிறத்து ரை ரொட்டி, கனமான லிம்பர்கர் துண்டு, பச்சை வெங்காயம், கடுகுச் சாந்து. கூடவே ஒரு புதினா மிட்டாய். மணம் மூக்கைத் தாக்கும், சுவை அவ்வளவு கடுமை இல்லை. வெண்ணெய்போல மென்மை, கடைசியில் ஓர் உப்புக் காரம். முழுக்கச் சாப்பிட்டேன்.

வெள்ளி

நாள் முழுக்க மழை. சைலேஜ் நின்றது. மாலையில் எல்லோரும் மீன் வறுவலுக்குப் போனோம். விஸ்கான்சினில் வெள்ளி இரவு என்றால் மீன்தான், உருளைக்கிழங்கும் முட்டைக்கோசு சாலடும் கூட. பக்கத்து மேசையில் நாலு பெரியவர்கள் சுவிஸ் சீட்டாட்டமான ‘யாஸ்’ ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் இடுப்பிலிருந்த கருவி கூவியது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினார். தன்னார்வத் தீயணைப்புப் படை. பகலில் குழாய் வேலை செய்கிறவர் அவர். தீயணைப்பு வண்டி ஓட்ட இங்கே தனியாக ஆள் கிடையாது.

சனி

ஊர் நிரம்பி வழிந்தது. இலினாய் எண் பலகை கொண்ட கார்கள். பாதிப் பேர் வருவது குன்றின்மேல் இருக்கும் பியர் ஆலைக்கு. 1993-இல் டெபோரா கேரி தொடங்கியது. கணவர் டான், பியர் செய்யும் கலை தெரிந்தவர். முதலைத் திரட்டி ஆலையை நிறுவியவர் டெபோரா. இவர்கள் பியரை விஸ்கான்சினுக்கு வெளியே விற்பதில்லை. அதனால் மாநில எல்லை தாண்டிப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போக வருகிறார்கள், அப்படியே ஊரில் சாப்பிடுகிறார்கள், தங்குகிறார்கள். எல்லாத் திசையிலும் விற்று வளர்வதற்குப் பதில் வருகிறவர்களை ஊருக்கே வரவழைத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை இப்போது இருபத்துநாலு மைல் சைக்கிள் தடம். அதில் வருகிறவர்கள் இன்னொரு கூட்டம்.

ரொட்டிக்கடையில் பரிமாறிய பெண் பள்ளி மாணவி. வாரநாளில் மாலைக் கறவை, வார இறுதியில் கடை என்றாள். கல்லூரிக்குப் பணம் சேர்க்கிறாளாம்.

ஞாயிறு

மாலைக் கறவை முடிந்து சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தபோது பண்ணைக்காரர் சொன்னார், இந்தக் குளிர்காலத்தில் கறவை மாடுகளை விற்றுவிடப் போகிறார்கள். ஒரு தோள்பட்டை ஏற்கெனவே அறுவைசிகிச்சை ஆகிவிட்டது, மற்றதும் வலிக்கிறது. பையன் மேடிசனில் கணினி வேலை, மகளுக்கு வேறு ஊர். இன்று விற்றால் கடன் எல்லாம் அடைந்து நிலம் கையில் நிற்கும், இரண்டு ஆண்டு தள்ளினால் நிற்குமா என்று தெரியாது. இதைச் சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கணக்கை எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறார்.

நிலத்தைப் பக்கத்துக்காரர் குத்தகைக்கு எடுப்பார். கொட்டகை காலியாக இருக்காது. பெரிய பண்ணைகளுக்காகக் கிடேரிகளை வளர்த்துக் கொடுப்பார். அதற்கு நாலரை மணிக்கு எழ வேண்டாம். பிரவுன் ஸ்விஸ் மாடுகளைச் சின்னச் சீஸ் ஆலைக்குப் பால் ஊற்றும் ஓர் இளம் தம்பதி மொத்தமாகக் கேட்டிருக்கிறார்கள். அவற்றை மட்டும் ஏலத்துக்கு அனுப்பாமல் அவர்களுக்கே கொடுப்பதாகப் பேச்சு.

வெராக்ரூஸ் இளைஞருக்கு ஆயிரம் மாட்டுப் பண்ணை ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. இரவும் பகலும் மூன்று ஷிப்டாகக் கறவை, சம்பளம் கூடுதல், அறையும் தருகிறார்கள். சந்தோஷமா என்று கேட்டேன். கைபேசியில் மொழிபெயர்ப்பைத் திறந்து நிதானமாகப் பதில் சொன்னார்: இங்கே கன்று போட்டது, டிராக்டர் ஓட்டியது, வேலி கட்டியது எல்லாம் அவர்தான். அங்கே எட்டு மணி நேரமும் கறவை மட்டும். நான்கு ஆண்டில் கற்றுக்கொண்டதில் பாதி அங்கே பயன்படாது. அதைப் பண்ணைக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார். கிடேரி வேலைக்கு ஓர் ஆள் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகுமா என்று இன்னொரு முறை பார்க்கிறேன் என்றார். வீட்டம்மா கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தார்.

முதியோருக்கான அரசுக் காப்பீடு அறுபத்தைந்து வயதில்தான் தொடங்கும். அந்த அம்மாவுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. மாடு போனாலும் அதுவரை மன்ரோ வேலை உண்டு. நாளை காலை ஏழு மணிக்கு அவர் கிளம்பும்போது என்னையும் அந்தக் காரிலேயே மன்ரோவில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.